வடசென்னைக்கு எத்தனை எம்.எல்.ஏ.?

எர்ணாவூரில் இருக்கும் என் சித்தி வீட்டில் ஒரு மஞ்சள் பை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது எல்லாம் அதற்குள்தான். மழைக்காலம் வருமுன் பையைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுவார். ஒருமுறை அந்த வேலையில் நானும் கூட உட்கார்ந்தேன். ஆதாரில் சென்னை மாவட்டம் என்று இருந்தது. வாக்காளர் அட்டையில் திருவள்ளூர் மாவட்டம். வரி ரசீதில் பெருநகர சென்னை மாநகராட்சி. "இருபத்தஞ்சு வருசமா இதே வீடுதான். நாங்க எந்த ஊருன்னு நீயே சொல்லு கண்ணு" என்றார் சித்தி.

வருவாய்த் துறைக்கு அவர் சென்னைக்காரர். தேர்தலுக்குத் திருவள்ளூர்க்காரர். இரண்டுமே சரிதான். 2021 தேர்தல் முடிவு நாளில் தொலைக்காட்சியில் 'சென்னை: 16 தொகுதிகள்' என்று காட்டினார்களே, அந்தப் பதினாறில் எர்ணாவூர் அடங்கிய திருவொற்றியூர் கிடையாது. வடசென்னை என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஊர், சென்னைக் கணக்கிலேயே சேராமல் திருவள்ளூரின் பத்துத் தொகுதிகளில் ஒன்றாக எண்ணப்பட்டது.

தேர்தல் சமயத்தில் 'வடசென்னை யார் பக்கம்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் வடசென்னை என்பது எது, அதை யார் எப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்பதைவிட, கோடு எங்கே விழுந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் கதையை அதிகம் தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பதினாறு எப்படி வந்தது

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 1967 தேர்தலிலிருந்து 234 இடங்கள். மொத்தம் மாறவில்லை. ஆனால் எந்த மாவட்டத்துக்கு எத்தனை, எந்தத் தெரு எந்தத் தொகுதியில் என்பதை இடையிடையே மாற்றி வரைந்தார்கள். கடைசியாக அப்படி வரைந்தது, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். அது 2008-ல் நடைமுறைக்கு வந்து, சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில் முதன்முறை பயன்பட்டது. ஆணையம் கையில் வைத்திருந்த கணக்கு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

கணக்கு எளிமையானதுதான். 2001-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 6.24 கோடி. அதை 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2.67 லட்சம் பேர். அன்றைய சென்னை மாவட்டத்தில் 43 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், பதினாறு சொச்சம் வரும். அப்படித்தான் அதுவரை 14 தொகுதிகளாக இருந்த சென்னை 16 ஆனது. திருவள்ளூரின் 27.5 லட்சத்துக்குப் பத்து.

இந்தக் கணக்கோடு இன்னொரு விதியும் இருந்தது. ஒரு சட்டமன்றத் தொகுதி ஒரே மாவட்டத்துக்குள் அடங்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டி வரையக் கூடாது. அப்போது திருவொற்றியூர், கத்திவாக்கம், மாதவரம் எல்லாம் திருவள்ளூர் மாவட்டத்தின் தனித்தனி நகராட்சிகள். ஆகவே தண்டையார்பேட்டையோடு ஒட்டிக்கிடந்தாலும் திருவொற்றியூர் அந்தப் பக்கக் கணக்கில் போனது.

அப்புறம் ஊர் மாறிவிட்டது. 2011-ல் 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியில் இணைந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. 2018-ல் மாவட்ட எல்லையையும் மாநகராட்சி எல்லைக்கு இணையாக நீட்டினார்கள். ஆட்சியர் மாறினார், தாலுகா அலுவலகம் மாறியது. தொகுதிக் கோடு மட்டும் மாறவில்லை. மற்ற மாவட்டங்களில் மாவட்டத் தேர்தல் அலுவலர் ஆட்சியர்தான். சென்னையில் மட்டும் அந்தப் பொறுப்பு மாநகராட்சி ஆணையருக்கு. எனவே சித்தியின் குப்பையை அள்ளுவது சென்னை மாநகராட்சி, சாதிச் சான்றிதழ் தருவது சென்னை மாவட்ட நிர்வாகம், ஓட்டை எண்ணுவது திருவள்ளூர். பட்டியலில் பெயர் விடுபட்டால் முதலில் எந்த அலுவலகப் படியேறுவது என்ற குழப்பம் அந்தத் தெருவில் பல வீடுகளில் உண்டு.

வடசென்னை என்ற பெயர் தேர்தல் வரைபடத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, மக்களவைத் தொகுதியாக. அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம். மண்ணடியும் சௌகார்பேட்டையும் இருக்கும் துறைமுகம் தொகுதி மத்திய சென்னையில். மாதவரம் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில். மிண்ட்டில் நின்று ஒருவரிடம் கேட்டால் தன்னை வடசென்னைக்காரர் என்றுதான் சொல்வார். தேர்தல் ஆணையத்திடம் கேட்டால் வேறு பதில் வரும்.

காணாமல் போன பெயர்கள்

இந்தப் பகுதி எப்போதும் தொழிலாளர் ஓட்டால் பேசப்பட்ட பகுதி. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் தொடங்கியது. அதற்கு உழைத்த திரு.வி.க.வின் பெயரில்தான் இன்று தொகுதியே இருக்கிறது. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது இராயபுரம் ராபின்சன் பூங்காவில். நாடு விடுதலையடைந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், 1952-ல், வண்ணாரப்பேட்டை மக்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பியது கம்யூனிஸ்ட் கட்சியின் ப. ஜீவானந்தத்தை.

வண்ணாரப்பேட்டை என்று இன்று தொகுதி இல்லை. பேசின்பிரிட்ஜ் என்று ஒன்று இருந்தது, அதுவும் இல்லை. 2008-ல் பூங்காநகரும் புரசைவாக்கமும் போயின. கொளத்தூரும் திரு.வி.க. நகரும் புதிதாக வந்தன. அதுவரை பட்டியல் இனத்தவருக்கான தனித்தொகுதியாக இருந்த பெரம்பூர் பொதுத்தொகுதி ஆனது. புளியந்தோப்பும் ஓட்டேரியும் அடங்கிய திரு.வி.க. நகர் தனித்தொகுதி ஆனது. சென்னையின் பதினாறில் அதுவும் எழும்பூரும்தான் தனித்தொகுதிகள், மாநிலம் முழுக்க 44.

பெயர் போனால் என்ன என்று தோன்றலாம். ஒரு தொகுதியின் பெயர் போனால் அந்த ஊரின் பழைய தேர்தல்களைத் தொடர்ச்சியாகப் படிக்கவே வழியில்லாமல் போகிறது. வண்ணாரப்பேட்டை ஓட்டு எப்படி மாறியது என்று அறுபது ஆண்டுக் கணக்கு போட நினைப்பவர், மூன்று நான்கு தொகுதிகளின் துண்டுகளை ஒட்டவைக்க வேண்டும். இந்தத் துண்டாட்டம் சாதாரண மக்களின் கையையே ஒருமுறை கடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோட்டையா?

வடசென்னை திமுகவின் கோட்டை என்று ஒரு பேச்சு உண்டு. புதிய எல்லைகளில் நடந்த முதல் மூன்று சட்டமன்றத் தேர்தல்களை மட்டும் பார்ப்போம். 2011-ல் ஆறில் ஐந்து அதிமுக கூட்டணிக்குப் போயின. பெரம்பூரில் அந்தக் கூட்டணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் அ. சவுந்தரராசன் ஜெயித்தார். திமுகவுக்கு நின்றது கொளத்தூர் மட்டும், அதுவும் மு.க. ஸ்டாலின் மூவாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பினார். 2016-ல் சரிபாதி: திருவொற்றியூர், கொளத்தூர், திரு.வி.க. நகர் திமுகவுக்கு, ஆர்.கே. நகர், பெரம்பூர், இராயபுரம் அதிமுகவுக்கு. பெரம்பூரில் வித்தியாசம் வெறும் 519 ஓட்டு. 2021-ல் ஆறும் திமுகவுக்கு.

ஒன்று, மூன்று, ஆறு. பத்தாண்டில் இப்படி ஏறுகிற இடத்தைக் கோட்டை என்று சொல்ல முடியாது. இராயபுரத்தில் அதிமுகவின் டி. ஜெயக்குமார் 1991, 2001, 2006, 2011, 2016 என்று ஐந்து முறை வென்றிருக்கிறார். 1996-லும் 2021-லும் தோற்றிருக்கிறார். 2006-ல் மாநிலத்தில் ஆட்சி கைமாறியபோதும் அந்தத் தொகுதி அவரை விடவில்லை. பக்கத்துத் துறைமுகத்தில் 1991-ல் இதற்கு மறுபக்கம் நடந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வந்த தேர்தலில் திமுக மாநிலமெங்கும் அடியோடு சரிந்தபோது, மு. கருணாநிதி அங்கே 890 ஓட்டில் கரையேறினார். கட்சி அலையோடு உள்ளூர் முகமும் கூட்டணிக் கணக்கும் இங்கே சேர்ந்தே வேலை செய்கின்றன. மீனவர் குப்பம், ரயில்வே குடியிருப்பு, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, வியாபாரிகள் தெரு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வியோடு பூத்துக்குப் போகிறது.

ஆர்.கே. நகர்

இந்தத் தொகுதியைப் பற்றி நின்று பேச வேண்டும். 2011-ல் அதிமுகவின் பி. வெற்றிவேல் வென்றார். சொத்துக்குவிப்பு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும் ஜெயலலிதா சட்டமன்றத்துக்குத் திரும்ப ஓர் இடம் தேவைப்பட்டது. வெற்றிவேல் பதவி விலகினார். 2015 ஜூன் 27 இடைத்தேர்தலில் ஜெயலலிதா வாங்கியது 1,60,432 ஓட்டு. அடுத்து வந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரன் 9,710. திமுக அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. 2016 பொதுத்தேர்தலில் மறுபடி ஜெயலலிதா, இந்த முறை 39,545 வித்தியாசம். அந்த டிசம்பர் 5 அவர் காலமானார்.

2017 ஏப்ரல் 12 அன்று இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். வாக்காளர்களுக்குப் பணம் போனதற்கான ஆதாரம் கிடைத்தது என்று சொல்லி, ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கையில் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. டிசம்பர் 21-ல் மறுபடி நடந்தது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டில் வென்றார். ஆளும் அதிமுக இரண்டாமிடம். மூன்றாவது வந்த திமுக வேட்பாளருக்கு வைப்புத்தொகை போனது. அப்புறம் 2021-ல் அதே தொகுதி திமுகவின் ஜே. ஜான் எபினேசரைத் தேர்ந்தெடுத்தது. பத்தாண்டில் ஐந்து ஓட்டெடுப்பு, ரத்தான ஒன்று தனி.

அந்த 2017 டிசம்பரில் கொருக்குப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில் நகர்ந்து முடிக்கும்வரை ஆட்டோக்களுக்கு நடுவில் மூன்று கட்சிப் பிரச்சார வண்டிகளும் அணைக்காத ஒலிபெருக்கிகளோடு நின்றன. தலையில் குக்கரைச் சுமந்தபடி பெண்கள் கூட்டமொன்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்தது. நண்பர் வீட்டு வாசலில் அடிபம்பு. தண்ணீர் மஞ்சளாக வந்தது, சாக்கடை வாடையோடு. முதல் நான்கு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டு ஐந்தாவதைப் பிடித்த பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "மந்திரிங்க எல்லாம் இந்தத் தெருவுக்கு வந்துட்டாங்க தம்பி. இந்த பம்ப்ல ஒரு மடக்கு குடிச்சிருந்தா ஓட்டு கேக்காமலே போட்டிருப்பேன்."

ஓட்டுக்குப் பணம் என்று ஆர்.கே. நகர் மக்களைத்தான் நாடு முழுக்கக் கேலி பேசினார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். பணத்தைக் கொண்டுவந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். பேர் மட்டும் தெருவில் இருந்தவர்களுக்கு. பிரபலங்களின் தொகுதி ஆவதால் ஊருக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அந்த வெளிச்சம் பூமிக்கடியில் ஓடும் பழைய குழாய்வரை போகவில்லை.

கொளத்தூரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே ஒரே உறுப்பினர் 2011-லிருந்து தொடர்ந்தார், பின்பு முதலமைச்சரும் ஆனார். 2025 பிப்ரவரியில் அங்கே பெரியார் அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்ல விஷயம். பெரம்பூர்க்காரர்களுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் எண்ணூர் குப்பத்திலிருந்து பெரிய சிகிச்சை என்று கிளம்புகிறவர் லாரிகள் அடைத்த சாலையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத்தான் இன்னும் வர வேண்டியிருக்கிறது.

பட்டியலில் இருப்பவர், தெருவில் இருப்பவர்

2021-ல் மாநிலத்தில் ஓட்டுப்பதிவு 72 சதவீதத்தைத் தாண்டியது. சென்னை மாவட்டம் 59 சதவீதத்தோடு கடைசி. 'சென்னைவாசிகளுக்குப் பொறுப்பில்லை' என்று வழக்கமான வசை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் படம் வேறு. ஆர்.கே. நகரில் 66 சதவீதத்துக்கு மேல். பெரம்பூரிலும் இராயபுரத்திலும் 62-ஐ ஒட்டி. தி.நகர், மயிலாப்பூர், வேளச்சேரி எல்லாம் 56-ஐ ஒட்டி. படியேறி வந்து வரிசையில் நின்றது வடக்குதான்.

அதோடு இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. சதவீதம் என்பது ஒரு வகுத்தல். கீழே இருக்கும் எண் பட்டியலில் உள்ள பெயர்கள். வாழும் மனிதர்கள் அல்ல. ஒரு பூத்தில் 1,000 பெயர் இருந்து, அதில் 200 பேர் இறந்தோ வீடு மாறியோ போயிருந்தால், 590 பேர் ஓட்டுப் போட்டாலும் 59 சதவீதம் என்றுதான் வரும். உண்மையில் இருக்கிற 800 பேரில் அது கிட்டத்தட்ட 74. வாடகை வீட்டுக்காரர்கள் நிறைந்த நகரத்தில் இந்த வித்தியாசம் பெரியது. ஆர்.கே. நகரில் 2017-ல் இது கண்ணெதிரே தெரிந்தது. போலிப் பெயர், இரட்டைப் பதிவு, இடம்பெயர்ந்தவர் என்று சுமார் 45,000 பெயர்களை நீக்கினார்கள். டிசம்பர் இடைத்தேர்தலில் பதிவு 77 சதவீதத்தைத் தாண்டியது. தேர்தல் சூடு ஒரு காரணம், மெலிந்த பட்டியல் இன்னொரு காரணம்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலமெங்கும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் 'குடிபெயர்ந்தோர்' என்ற தலைப்பில் போனார்கள்.

சித்தி தெருவுக்குப் படிவத்தோடு வந்தவர் ஓர் அங்கன்வாடி பணியாளர். தோளில் பை, கையில் தாள்கட்டு, காலில் அறுந்து தைத்த செருப்பு. "அக்கா, 2002 லிஸ்ட், இல்லாட்டி 2005 லிஸ்ட்ல உங்க பேரோ, உங்க அப்பா அம்மா பேரோ இருந்துச்சா? எந்தத் தொகுதி, எந்தப் பாகம்னு சொல்லுங்க" என்று கேட்டார். நான் சொன்ன துண்டாட்டம் கடித்தது இங்கேதான். பழைய பட்டியல் பழைய தொகுதிப்படி இருக்கும். கொளத்தூர் என்று தேடினால் கிடைக்காது, அப்படி ஒரு தொகுதி அன்று இல்லையே. திரு.வி.க. நகர்க்காரர் அந்தப் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. அப்பா அன்று புரசைவாக்கம் தொகுதியில் இருந்தாரா, பெரம்பூரிலா, பூங்காநகரிலா என்று படித்த பிள்ளைகளே கைப்பேசியில் ராத்திரி ஒரு மணிவரை தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், இறந்துபோன தாயின் பழைய பூத் ஸ்லிப் எங்கே என்று டிரங்குப் பெட்டியைக் கிளறினார்கள். அந்த அங்கன்வாடி அக்கா குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்துவிட்டு மாலையில் மறுபடி வந்தார், மூன்று முறை. அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் நீக்கப்பட்ட எண்ணிக்கை இன்னும் எவ்வளவு ஆகியிருக்குமோ.

குடிபெயர்ந்தவர் என்று எழுதுவது சுலபம். வடசென்னையில் குடிபெயர்வு பல நேரம் தானாக எடுத்த முடிவு அல்ல. ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயிருக்கின்றன. வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும் வரை வேறு வாடகை வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை இன்னும் மூலக்கொத்தளத்தில், குழந்தை படிப்பு வியாசர்பாடியில், படுக்கை மட்டும் நகரத்தின் தென்கோடியில் என்று இருக்கும் ஒருவர் 'வழக்கமாகக் குடியிருக்கும்' இடம் எது? சட்டத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. வீடு மாறினால் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6 என்று வழி இருக்கிறது. வழி தெரிந்தவருக்கு அது வழி.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் பலர் போய்ச் சேரும் தொகுதி சோழிங்கநல்லூர். 2021 பட்டியலில் அங்கே ஏறத்தாழ 6.95 லட்சம் வாக்காளர்கள், மாநிலத்திலேயே மிக அதிகம். அதே பட்டியலில் மிகக் குறைவு துறைமுகம், 1.76 லட்சம். இரண்டுக்கும் ஓர் உறுப்பினர்தான். தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆண்டுக்கு ஒரே 3 கோடி ரூபாய்தான். துறைமுகத்தில் இருந்தபோது ஒருவர் குரலுக்கு இருந்த எடை, பெரும்பாக்கம் போனதும் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. 2001 கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டு ஓட்டியதன் விளைவு இது.

ஆற்றின் இரண்டு கரை

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். தென்கரையில் எண்ணூர், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம்: திருவொற்றியூர் தொகுதி. வடகரையில் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, காமராசர் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம்: பொன்னேரி தனித்தொகுதி. தென்கரை வடசென்னை மக்களவைத் தொகுதியில், வடகரை திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில். கரைக்குக் கரை எம்.எல்.ஏ. வேறு, எம்.பி. வேறு, 2018-க்குப் பிறகு மாவட்டமும் வேறு. மின்நிலையத்தின் பெயரில் 'வடசென்னை' இருக்கிறது. அது நிற்கும் மண் வடசென்னைத் தொகுதியில் இல்லை.

மின்நிலையத்தின் சாம்பல், தொகுதிக் கோடு பார்த்து விழாது. சாம்பல் நீர் கசிந்து ஆற்றுப் படுகையில் படிந்தால், இறால் போவது தென்கரைக் குப்பத்தாருக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் வந்தபோது, எர்ணாவூரில் சித்தி வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் இரண்டு முறை வெள்ளையடித்தும் அது மறுபடி கசிந்து தெரிகிறது. காட்டுக்குப்பத்தில் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் அந்தச் சமயம் பல நாள் ஆற்றில் கால்வைக்கவில்லை. வலைகளைக் கரையில் போட்டு எரித்தார்கள்.

அதே மாதம் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயும் தெற்கே எர்ணாவூர்க் கரையில்தான் ஒதுங்கியது, வாளியால் அள்ளினார்கள்.

ஒவ்வொரு முறையும் கேள்வி எழுப்பியவர்கள் இருக்கிறார்கள், பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் கேட்டது. ஆனால் சட்டமன்றத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். தென்கரை உறுப்பினர் மின்நிலையத்தைப் பற்றிப் பேசினால் அது அடுத்தவர் தொகுதி. வடகரை உறுப்பினருக்கு ஆலை தன் தொகுதியில், பாதிக்கப்பட்டவரின் ஓட்டு தன்னுடையது அல்ல. யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு பிரச்சினைக்குப் பொறுப்பான ஓட்டும் பொறுப்பான ஆலையும் இரண்டு தொகுதியில் இருந்தால், அதற்காகத் தோற்கப்போகும் உறுப்பினர் யாருமே இல்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டிலும் கொஞ்சம் இதுதான்: வாடை பெரம்பூர் தொகுதிக்கும் ஆர்.கே. நகருக்கும் சேர்ந்து, குப்பை பாதி நகரத்துக்கும் பொது.

2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்து, பின்னால் விரிவாக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் இந்தத் தொகுதிக் கோடுகளைத் தாண்டி ஒரு பகுதியாக இதைப் பார்த்த முதல் பெரிய முயற்சி. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது ஒரு திட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதில் சொல்ல வேண்டிய ஆள் அல்ல.

அடுத்த கோடு

தொகுதிகளின் எண்ணிக்கையை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை மாற்றக்கூடாது என்று அரசியல் சட்டம் நிறுத்திவைத்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்கள் எப்படிப் பிரியும் என்ற பெரிய வாதம் நடக்கிறது, நடக்க வேண்டியதுதான். ஆனால் மாநிலத்துக்குள்ளும் கோடுகள் புதிதாக விழும். அதைப் பற்றி வடசென்னையில் யாரும் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

கடந்த முறை நடந்த வழிப்படி, ஆணையத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. துணை உறுப்பினர்கள்; அவர்களுக்கு ஓட்டு கிடையாது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் வாங்கி, பொது அமர்வு வைத்துக் கேட்டபிறகுதான் இறுதியாக்குவார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். கட்சிகள் தங்கள் கணக்கோடு வரும். மீனவர் பஞ்சாயத்தும் குடியிருப்போர் சங்கமும் தங்கள் கணக்கோடு போக வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் இப்போதே தெரிகிறது. 2008-ல் எண்ணூர் ஆற்றின் இரண்டு கரையும் ஒரே திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. ஒரே தொகுதியாக்கியிருக்க முடியும், செய்யவில்லை. இப்போது தென்கரை சென்னை, வடகரை திருவள்ளூர். மாவட்டத்தைத் தாண்டித் தொகுதி வரையாதே என்ற விதி தொடர்ந்தால், திருவொற்றியூர் சென்னைக் கணக்கில் சேர்ந்துவிடும், சித்தியின் அட்டைகளில் ஒரே மாவட்டம் வந்துவிடும். ஆனால் ஆறு நிரந்தரமாக இரண்டாகிவிடும். அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஆணையத்திடம் போவதற்கு முன்னால் மாவட்ட எல்லையைப் பேசியாக வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும்போது எல்லைகளைத் தொட முடியாது. அது முடிந்து ஆணையம் வேலையைத் தொடங்கும் வரை இருக்கும் சிறிய இடைவெளியில், அத்திப்பட்டையும் காட்டுப்பள்ளியையும் எண்ணூரோடு ஒரே மாவட்டத்தில் வைக்க மாநில அரசின் ஓர் அரசாணை போதும். 2018-ல் மாவட்ட எல்லைக்கோட்டை ஆற்றின்மேல் போட்டதும் ஓர் அரசாணைதான்.